குப்பையில் கிடக்கும் கம்ப்யூட்டரை எடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழுதான டிவி, பழைய மானிட்டர், பேப்பர் இழுக்காத பிரிண்டர், சார்ஜ் நிற்காத லேப்டாப். தெருமுனைத் தொட்டிக்குப் பக்கத்தில் இவற்றைப் பார்த்ததும் கை பரபரக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். ரிப்பேர் தெரிந்தவர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள், உதிரிபாகம் சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் வருகிற சந்தேகம் ஒன்றுதான்: எடுத்தால் வம்பு வருமா? இந்தியச் சட்டத்தையும் நம் ஊர் நடைமுறையையும் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். உங்கள் மேல் வழக்கே வந்துவிட்டால், இதைப் படித்துக்கொண்டிருக்காமல் வக்கீலைப் பாருங்கள்.

எடுக்கலாமா, கூடாதா? ஒரே பதிலாகச் சொல்ல முடியுமா?

முடியாது. “குப்பையிலிருந்து எடுத்தல்” என்று தனியாக ஒரு குற்றம் நம் சட்டத்தில் கிடையாது. குப்பைதானே, யார் எடுத்தாலும் தப்பில்லை என்று சொல்லும் பிரிவும் கிடையாது. திருட்டைப் பற்றிய பொதுவான சட்டம்தான் இதற்கும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்கு (ஐபிசி) பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) நடப்பில் இருக்கிறது. அதன் 303வது பிரிவு திருட்டை இப்படி விளக்குகிறது: ஒருவர் வசம் இருக்கிற அசையும் பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துக்கொள்ள நகர்த்துவது. பழைய ஐபிசி 378ல் இருந்த அதே விளக்கம்தான்.

இதில் “வசம்” என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பொருள் உடைந்ததா, விலை போகாததா என்று சட்டம் முதலில் கேட்பதில்லை. இப்போது அது யார் வசம் இருக்கிறது, அவர் அதை உண்மையிலேயே கைவிட்டுவிட்டாரா என்றுதான் கேட்கிறது. கீழே வருகிற பதில்கள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளைக்கின்றன.

வீட்டுக்காரரே வாசலுக்கு வெளியே, தெருவோரம் வைத்துவிட்டுப் போன டிவி?

யார் வசத்திலும் இல்லாத பொருளை எடுப்பது திருட்டு ஆகாது. இதற்குச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. பொதுச்சாலையில், யார் வசத்திலும் இல்லாமல், ஒரு மோதிரம் கிடக்கிறது. அதை ஒருவர் எடுத்தால் அது திருட்டு இல்லை. ஆனால் வேறொரு குற்றமாக, அதாவது பிறர் பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொண்டதாக ஆகலாம். அந்தக் குற்றத்துக்கு உரிய பிரிவு 314. ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை சிறை, அதோடு அபராதம்.

மோதிரம் தொலைந்த பொருள். தேடி வருவதற்கு ஆள் இருப்பார். பின்மூடி கழன்று, ஒயர் வெட்டுப்பட்டு, குப்பைப் பைகளோடு சாய்த்து வைத்த டிவியைத் தேடி யாரும் வரப்போவதில்லை. அது கைவிடப்பட்ட பொருள். உடையவர் தன் உரிமையை மனமாரத் துறந்துவிட்டார் என்றால் இரண்டு குற்றத்துக்குமே இடமில்லை.

தூக்கிப் போட்டதா, மறந்து வைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பொருள் இருக்கும் கோலத்தைப் பாருங்கள். குப்பையோடு குப்பையாகக் கிடக்கிறதா? மழையில் நனைந்திருக்கிறதா? பாகங்கள் இல்லாமல் இருக்கிறதா? சார்ஜரோடு பைக்குள் இருக்கும் லேப்டாப் பஸ் ஸ்டாப் பெஞ்சில் கிடந்தால் அது குப்பை இல்லை, தொலைந்தது. வீட்டைக் காலி செய்கிறவர்கள் லாரி வரும்வரை நடைபாதையில் அடுக்கி வைத்திருக்கும் சாமானும் குப்பை இல்லை. போகிக்கு முதல் நாள் சாயங்காலம் வாசலில் குவித்திருப்பது பெரும்பாலும் குப்பைதான். ஆனால் அதில்கூட வீட்டுப் பெரியவர் ஒருவர் “அந்த ரேடியோவை யார் வெளியில போட்டது?” என்று திரும்ப எடுத்துப் போவது உண்டு.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, வாயைத் திறந்து கேட்பது. “சார், வெளியில வெச்சிருக்கிற மானிட்டர் வேண்டாம்னா நான் எடுத்துக்கலாமா?” இது போதும். உடையவர் தலையாட்டிவிட்டால் சம்மதம் வந்துவிட்டது. சம்மதம் இருக்கும் இடத்தில் திருட்டு இல்லை. கேட்டுவிட்டு எடுத்தால் சில சமயம் ரிமோட்டும் ஸ்டாண்டும் சேர்ந்தே கிடைக்கும்.

மாநகராட்சித் தொட்டிக்குள் விழுந்த பிறகு?

இங்கே நிலைமை மாறுகிறது. பொதுத் தொட்டியிலும் குப்பைக் கிடங்கிலும் சேர்வது உள்ளாட்சிக்குச் சொந்தம் என்று பல நகராட்சிச் சட்டங்கள் வெளிப்படையாகச் சொல்கின்றன. 1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டத்திலும் 1957ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டத்திலும் இது இருக்கிறது. எந்த ஊரில் இருந்தாலும் அதே கணக்கில் எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. வீட்டுக்காரர் துறந்துவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் பொருள் அநாதையாகவில்லை. அடுத்த கைக்குப் போய்விட்டது.

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிஎன்எஸ் 305வது பிரிவு, அரசு அல்லது உள்ளாட்சியின் சொத்தைத் திருடுவதைத் தனியாக எடுத்து, ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. தொட்டியிலிருந்து ஒரு பழைய கீபோர்டை எடுத்தவர் மேல் இந்தப் பிரிவு பாயும் என்று நான் பயமுறுத்தவில்லை. நியாயமான எந்த மனிதரும் புகார் சொல்லாத அளவுக்குச் சிறிய தீங்கு குற்றமாகாது என்று 33வது பிரிவும் இருக்கிறது. ஆனால் குப்பைக் கிடங்குக்குள் வேலி தாண்டிப் போய் மூட்டை மூட்டையாக சர்க்யூட் போர்டு எடுப்பது வேறு. கிடங்குக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதிலேயே வம்பு தொடங்கிவிடும்.

அப்படியானால் குப்பை பொறுக்கிப் பிழைக்கிறவர்கள் எல்லோரும் குற்றவாளிகளா?

இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். சட்டத்தைப் புத்தகத்தில் படிப்பதற்கும் தெருவில் பார்ப்பதற்கும் உள்ள தூரம் இங்கேதான் தெரிகிறது.

2016ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை பொறுக்குவோரை முதன்முறையாகப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டன. அவர்களையும் அவர்களுடைய அமைப்புகளையும் அங்கீகரித்து, வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் வேலையில் சேர்த்துக்கொள்ள உள்ளாட்சிகள் வழி செய்ய வேண்டும் என்றன. அதாவது அரசே அவர்கள் செய்வது பயனுள்ள தொழில் என்று ஒப்புக்கொண்டுவிட்டது. நம் ஊரில் தாமிரமும் அலுமினியமும் காயலான் கடை வழியாக மறுபடி உருக்காலைக்குப் போய்ச் சேர்வது அவர்கள் கைகளால்தான். உலகம் முழுக்க 2022ல் மட்டும் உண்டான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்று ஐ.நா. சார்ந்த அறிக்கை கணக்கிட்டது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்.

அப்புறம் தெருவுக்கு வாருங்கள். ஒரே தொட்டியிலிருந்து ஒரே சிபியுவை ஜீன்ஸ் போட்ட இன்ஜினியரிங் மாணவர் எடுத்தால், வாட்ச்மேன் “புராஜெக்ட்டா தம்பி?” என்று கேட்பார். தோளில் சாக்கு மாட்டிய பெண் எடுத்தால் “எங்கே திருடினே?” என்று கேட்பார். சந்தேகத்தின் பேரில் ஸ்டேஷனுக்குப் போகிறவர் இரண்டாமவர்தான். சட்டம் இருவருக்கும் ஒன்று, அது பாயும் திசை ஒன்றாக இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு. அடையாள அட்டை கொடுப்பதும் உள்ளாட்சியின் பட்டியலில் பெயர் சேர்ப்பதும் ஏதோ சலுகை இல்லை. அவர்கள் தினமும் சந்திக்கிற அந்தக் கேள்விக்குக் காட்டக் கூடிய பதில்.

பொழுதுபோக்குக்காக எடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தொட்டிப் பக்கம் தூய்மைப் பணியாளரோ பொறுக்குகிறவரோ இருந்தால், “அக்கா, இது உங்களுக்கு வேணுமா, நான் எடுத்துக்கட்டுமா?” என்று கேளுங்கள். பிரிட்ஜ் கம்ப்ரஸருக்குள் இருக்கும் காயிலும் மோட்டார் தாமிரமும் அவருக்கு அன்றைய வருமானம். உங்களுக்குத் தேவையான கண்ட்ரோல் போர்டுக்கு அவர் கையில் பெரிய விலை இல்லை. இரண்டு பேருக்கும் நஷ்டமில்லாமல் பிரித்துக்கொள்ளலாம்.

அப்பார்ட்மெண்ட் வளாகத்துக்குள், அலுவலகத்துக்குப் பின்னால் வைத்திருக்கும் குப்பை?

மதில் சுவருக்குள் இருக்கும் வரை அது அந்த அசோசியேஷன் அல்லது நிறுவனத்தின் வசத்தில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் உள்ளே போய் எடுத்தால் திருட்டு, அத்துமீறி நுழைதல் என இரண்டு பிரச்சினை. அங்கேயே குடியிருப்பவர் என்றாலும் செயலாளரிடமோ, பொருளைப் போட்ட வீட்டாரிடமோ சொல்லிவிட்டு எடுங்கள். ஹவுஸ்கீப்பிங் ஆள் “எடுத்துக்கோங்க” என்றால் மட்டும் போதாது. கொடுக்கும் உரிமை அவருக்கு இல்லாமல் இருக்கலாம். பின்னால் பிரச்சினை வந்தால் வேலை போவது அவருக்குத்தான்.

ஆபீஸில் கழித்துக் கட்டிய லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா? தூக்கித்தானே போடப் போகிறார்கள்?

எழுத்தில் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்தாலும் அது நிறுவனத்தின் சொத்து. முதலாளி வசம் உள்ள பொருளை ஊழியர் எடுப்பது 306வது பிரிவில் தனிக் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை.

நிறுவனத்தின் கையும் கட்டப்பட்டிருக்கலாம். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022ன்படி, ஒரு நிதியாண்டில் பட்டியலில் உள்ள சாதனங்கள் 1,000க்குக் குறையாமல் பயன்படுத்தும் அமைப்பு “மொத்த நுகர்வோர்”. அவர்கள் தங்கள் மின்கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டும்தான் ஒப்படைக்க வேண்டும். பெரிய ஐடி கம்பெனிகள் “உங்களுக்குத் தர முடியாது” என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். இயங்குகிற நிலையில் உள்ள சாதனத்தை ஊழியருக்கு விற்பது வேறு. அப்போது பில்லோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசு அலுவலகம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி?

வேண்டவே வேண்டாம். “கண்டம்” (இனி பயன்படாது என்று ஒதுக்குவது) செய்து வராண்டாவில் போட்டிருந்தாலும், பதிவேட்டில் கழித்து ஏலம் விட்டு முடியும்வரை அது அரசுச் சொத்து. மேலே சொன்ன 305 அப்படியே பொருந்தும். வேண்டுமானால் ஏலத்தில் எடுங்கள். எம்எஸ்டிசி போன்ற அரசு நிறுவனங்களின் இணைய ஏலங்களில் இத்தகைய பொருள்கள் வருகின்றன.

போலீஸ் நிறுத்திக் கேட்டால்?

பதறாதீர்கள். எங்கே, எப்போது, யாரிடம் கேட்டு எடுத்தீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். எடுப்பதற்கு முன் பொருள் கிடந்த இடத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால், அப்போதுதான் அதன் அருமை தெரியும். கொடுத்தவரின் வாட்ஸ்அப் செய்தி இருந்தால் இன்னும் நல்லது.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு. திருடப்பட்டதாகச் சந்தேகப்படும் பொருளைப் பறிமுதல் செய்யப் போலீசுக்கு அதிகாரம் உண்டு (குற்ற விசாரணை நடைமுறைக்கான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பிஎன்எஸ்எஸ், பிரிவு 106). பறிமுதல் செய்தால் பட்டியல் எழுத வேண்டும், அதை ஒலி-ஒளிப் பதிவும் செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 105 சொல்கிறது. பட்டியலில் பொருளின் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் பொருளைத் திரும்பக் கேட்டு மனுப் போட அது உதவும். 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டு இப்போது வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத, ஜாமீன் கிடைக்கிற குற்றம். முதல்முறை குற்றம் நிரூபணமாகி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். பழைய மானிட்டர் விவகாரங்களில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

எடுத்ததை ரிப்பேர் செய்து விற்றால் லைசென்ஸ் வேண்டுமா?

உங்கள் வீட்டு உபயோகத்துக்கு ஒரு டிவியைச் சரிசெய்துகொள்ள எந்தப் பதிவும் வேண்டாம். எல்சிடி டிவியின் பின்மூடியைக் கழற்றினால், பவர் போர்டில் இரண்டு கெபாசிட்டர் தலை தட்டையாக இல்லாமல் மேடு தட்டியிருக்கும். அதே வோல்ட், அதே மைக்ரோஃபாரட் பார்த்து ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்கு வாங்கி, பிளஸ் மைனஸ் மாறாமல் சால்டர் வைத்தால் பல டிவிகள் எழுந்துவிடும். இந்த வேலையைக் குற்றமாக்கும் விதி எதுவும் இல்லை.

தொழிலாகச் செய்தால் 2022 விதிகளைப் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள இவை, புதுப்பிப்பவர்களும் மறுசுழற்சியாளர்களும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. குறுந்தொழில் சட்டத்தின்படி “குறு நிறுவனம்” என்ற வரையறைக்குள் வருகிறவர்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது. தெருமுனை மொபைல் கடைக்காரர் பெரும்பாலும் இந்த விலக்குக்குள் வருவார். அதற்கு அத்தாட்சியாக உத்யம் பதிவை (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

போர்டிலிருந்து தங்கம் பிரித்தெடுக்கலாமா?

கூடாது. யூடியூபில் காட்டுவதைப் பார்த்து மொட்டைமாடியில் ஆசிட் ஊற்றாதீர்கள். மேலே சொன்ன விலக்கு இதற்குக் கேடயம் ஆகாது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986ன் கீழ் விதிமீறலுக்கு இப்போது 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் உண்டு. நீர், காற்று மாசுச் சட்டங்கள் தனி. அதையெல்லாம் விட, நைட்ரிக் ஆசிட் புகை நுரையீரலை அரிக்கும். எடுத்த பிறகு மிஞ்சும் கழிவு நீரில் ஈயமும் தாமிரமும் கலந்திருக்கும். அது பக்கத்துக் கிணற்றுக்குத்தான் போகும். உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் ராம்கங்கா ஆற்றங்கரை இந்த வேலையால் என்ன ஆனது என்பது ஊரறிந்த சங்கதி. தாமிரத்துக்காக ஒயரை எரிப்பதும் இதே ரகம். ஒயர் உறையான பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்ஸின் என்ற நச்சு வரும்.

கிடைத்த ஹார்டு டிஸ்க்கில் படங்கள், ஃபைல்கள் இருந்தால் பார்க்கலாமா?

டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர் தன் வாழ்க்கையைத் தூக்கிப் போடவில்லை. மற்றவரின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, மூன்று ஆண்டு வரை சிறை. அந்தரங்கப் படத்தை அனுப்பினால், வெளியிட்டால் 66இ. இந்தக் குற்றங்களுக்கு டிஸ்க் எப்படிக் கையில் வந்தது என்பது ஒரு பொருட்டே இல்லை. திறக்காமல் முழுவதும் அழித்துவிடுங்கள். குவிக் ஃபார்மட் போதாது. டிஸ்க் முழுக்க மேலெழுதும் முறையைப் பயன்படுத்துங்கள். உடையவர் யார் என்று தெரிந்து, குடும்பப் படங்கள் மாதிரி திரும்பக் கிடைக்காத ஏதோ இருக்கும் என்று தோன்றினால், அழிப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

செல்போன் கிடைத்தால்?

மற்றவற்றைவிடப் பத்து மடங்கு ஜாக்கிரதை. 314வது பிரிவில் இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. சாலையில் ஒரு ரூபாய் நாணயம் கிடக்கிறது; யாருடையது என்று தெரியாமல் எடுத்தால் குற்றமில்லை. சாலையில் ஒரு கடிதம், உள்ளே ரூபாய் நோட்டு. கடிதத்தைப் பார்த்தால் யாருடையது என்று தெரிகிறது. அப்படியும் நோட்டை வைத்துக்கொண்டால் குற்றம். கீபோர்டு நாணயம் மாதிரி. சிம் உள்ள போன் அந்தக் கடிதம்தான். உடையவரைக் கண்டுபிடிக்கும் வழி அதற்குள்ளேயே இருக்கிறது.

போன் இயங்கினால் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) எடுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலோ, 14422க்கு ‘கேஒய்எம்’ என்ற மூன்று ஆங்கில எழுத்தையும் ஐஎம்இஐ எண்ணையும் எஸ்எம்எஸ் அனுப்பியோ சரிபார்க்கலாம். முடக்கப்பட்டது என்று வந்தால் ஸ்டேஷனில் ஒப்படையுங்கள். ஐஎம்இஐயை மாற்றித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள். தொலைத்தொடர்புச் சட்டம் 2023ன்படி அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

காயலான் கடையில் வாங்கினால் பிரச்சினை இல்லையே?

குறையும், தீராது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் 317வது பிரிவு. புத்தம்புது லேப்டாப்பை எடைக்குப் போடுகிறார் என்றால் அந்தக் காரணம் உங்கள் கண்ணெதிரே இருக்கிறது. துண்டுச்சீட்டிலாவது தேதி, பொருள், சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள்.

அமெரிக்காவில் குப்பையிலிருந்து எடுப்பது சட்டப்படி சரி என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாமே?

அப்படிச் சொல்லவில்லை. 1988ல் கலிபோர்னியா எதிர் கிரீன்வுட் வழக்கில் கேள்வியே வேறு. தெருவோரம் வைத்த குப்பைப் பையைப் போலீஸ் வாரண்ட் இல்லாமல் சோதிக்கலாமா என்பதுதான் அங்கே விவாதம். சோதிக்கலாம், வெளியே வைத்த குப்பையில் அந்தரங்கத்தை எதிர்பார்க்க முடியாது என்றது நீதிமன்றம். சொத்துரிமை பற்றியோ, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றோ தீர்ப்பு இல்லை. அங்கேயும் ஊருக்கு ஊர் தனி விதிகள் உண்டு. பிரிட்டனில் இன்னும் கறார். அறக்கொடைக் கடை வாசலில் ஜனங்கள் வைத்துவிட்டுப் போன பைகள்கூடக் கைவிடப்பட்டவை இல்லை என்று 2010ல் ரிக்கெட்ஸ் வழக்கில் முடிவானது. கொடுத்தவர் அந்தக் கடைக்குத்தான் கொடுத்தார், தெருவுக்கு இல்லை என்பது காரணம்.

சட்டப்படி எடுக்கலாம் என்றாலும் எதை விட்டுவிட வேண்டும்?

உப்பிய லித்தியம் பேட்டரி, முதலில். அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கும். அடுத்து மைக்ரோவேவ், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் உயிரை எடுக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். பழைய பிக்சர் டியூப் டிவியும் அப்படித்தான். 2006 முதல் அரசு வீடு வீடாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிகளில் பல இப்போது தெருவுக்கு வருகின்றன. டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைக்காதீர்கள்.

நான் தூக்கிப் போடுகிறவன். என் பொருள் இன்னொருவருக்குப் பயன்பட என்ன செய்யலாம்?

தொட்டிக்குள் போடாதீர்கள். வாசலில், மழை படாத இடத்தில் வைத்து, ஒரு வெள்ளைத்தாளில் எழுதி ஒட்டுங்கள்: “வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். பவர் வருகிறது, படம் வரவில்லை. வீட்டு எண் 12.” உங்கள் சம்மதம் எழுத்தில் வந்துவிட்டதால், எடுக்கிறவரை யாரும் திருடன் என்று சொல்ல முடியாது. என்ன பழுது என்று எழுதியதால் அவருக்கு அரை வேலை முடிந்துவிட்டது. எடுத்துச் செல்பவர் அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் பொருளோடு வைத்துக்கொண்டால் வழியில் யார் நிறுத்தினாலும் காட்டலாம். ஹார்டு டிஸ்க்கை மட்டும் முன்னாடியே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் யாரும் எடுக்கவில்லை என்றால், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ உங்கள் உள்ளாட்சி நடத்தும் மின்கழிவுச் சேகரிப்பிலோ சேர்த்துவிடுங்கள்.